அன்று நான் ஏசவில்லை

எனக்கு வாய் நீளம். இதைப் பெருமைக்கும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். கடைசி வாங்கில் தூங்குகிறவனுக்கும் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகிய தொண்டை, வீட்டு வாசலைத் தாண்டியதும் சின்னதாகிவிடாது. மகள் மட்டக்களப்புக்குப் படிக்கப் போன பிறகு அந்தத் தொண்டை முழுவதும் ஒரே ஓர் ஆளுக்கென்று ஆகிவிட்டது. அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

அவர் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. டீச்சர் ஒருத்தி கங்காணியைக் கட்டிக்கொண்டாள் என்று அந்தக் காலத்தில் என் சொந்தக்காரர்கள் மூக்கால் அழுதார்கள். இன்றைக்கு அவர்களில் பாதிப் பேர், வீட்டில் ஏதாவது காரியம் என்றால் என்னைக் கூப்பிடுவதில்லை, அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் அப்படி ஓர் ஆள். கோபம் என்பது எந்தக் கடையில் விற்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருக்கிறது.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான், பூட்ஸ். வீட்டுத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டின் முன் அறைக்கு வெள்ளை டைல்ஸ் பதித்தோம். வெள்ளை வேண்டாம் என்று அவர் அப்போதே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. மழை நாளில் மலையிலிருந்து இறங்கி வருகிற அந்தக் கறுப்பு பூட்ஸில் அரைத் தோட்டத்து மண் ஒட்டியிருக்கும். கூடவே இரத்தம் குடிக்கிற இரண்டு அட்டையும் வரும். பகல் சாப்பாட்டுக்கு வருகிறவர் ஏதோ யோசனையில் அப்படியே உள்ளே கால் வைப்பார். நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாலும் சரி, அறைக்குள் படுத்திருந்தாலும் சரி, சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

"பூட்ஸ்" என்று ஒரு குரல்தான் கொடுப்பேன். வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகும் அவர் கழற்றி முடிக்கும் வரைக்கும் நான் பேசிக்கொண்டுதான் இருப்பேன். விளக்கு வைப்பதுபோல எங்கள் வீட்டில் இது தினமும் நடக்கிற காரியம்.

அவருடைய வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். பேர் பதிந்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். மற்றக் கங்காணிமார் வந்தவர்களை எண்ணுவார்கள். இவர் எண்ணமாட்டார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வராதவர்களின் பேரைச் சொல்வார். அது எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"வந்தவங்க எல்லாரும் தலையில கொங்காணியப் போட்டுக்கிட்டு ஒரே மாதிரிதான் நிப்பாங்க. வராதவங்க நிக்கிற எடம்தான் கண்ணுல குத்தும்" என்றார்.

ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் குடியிருக்கிற லயத்துப் பக்கம் ஒரு நடை நடப்பார். வராதவர்களின் கதவைத் தட்டி, "என்னாம்மா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து ஏதாவது பதில் வந்தால் போதும், திரும்பிவிடுவார். சில பெண்கள், "ஒரு நாள் படுக்க விடமாட்டாரே இந்த மனுசன்" என்று உள்ளேயிருந்தே கிழிப்பார்கள். அதை வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொல்வார். ஏச முடிகிற ஆளுக்கு ஒன்றும் இல்லை என்பது அவருடைய வைத்தியம்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. அவர் கங்காணியான புதிதில், தனியாக இருந்த ஒரு பெண் இரண்டு நாள் பெரட்டுக்கு வரவில்லை. வரவில்லை என்று குறித்துவிட்டு இவர் மலைக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கதவை உடைத்தார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே தடவைதான் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு, தோட்டத்துத் துரை நேரமாகிறது என்று முறைத்தாலும், நான் சோறு ஆறுகிறது என்று கத்தினாலும், அந்த நடையை அவர் விட்டதில்லை.

ஒரே ஒரு கதவை மட்டும் தட்டமாட்டார். வேப்பிலை தொங்குகிற கதவை.

எங்கள் மலை உயரத்தில் வேம்பு வளராது. குளிர் அதற்கு ஆகாது. யார் வீட்டிலாவது அம்மை போட்டால், ஹட்டனில் பூக்கடையில் சொல்லிவைத்து, மாத்தளைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற கொத்தை வாங்கி வர வேண்டும். வாடி வதங்கி வந்தாலும் அதைக் கட்டிவிட்டால் கட்டியதுதான். ஆத்தா வந்திருக்கிற வீடு அது. வெளியே போய் வந்தவர்கள் அப்படியே உள்ளே போகமாட்டார்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பெரட்டில் யாராவது "அவ வீட்ல அம்மை" என்றால், அதோடு கேள்வி முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் என் வீட்டுக்காரரும் தோட்டத்து ஆள்தான். நான் வருஷக்கணக்காக வைரஸ் வைரஸ் என்று தொண்டை கிழியக் கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வருஷம் நுவரெலியாவில் உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். எனக்கு வந்த பாடம் நிர்ப்பீடனம், அதாவது உடம்பு நோயை எதிர்த்து நிற்கிற விதம். எத்தனையோ தடவை படிப்பித்த பாடம்தான். பி கலங்கள் என்ற இரத்த உயிரணுக்கள் கிருமியைப் பிடிக்கிற பிறபொருளெதிரிகளைச் செய்யும், ரி கலங்கள் வைரஸ் புகுந்த கலத்தைத் தேடிக் கொல்லும், இரண்டும் புது எதிரியைப் படித்துப் பெருக ஒரு கிழமை, ஏழு நாள் வரை எடுக்கும் என்று தூக்கத்திலும் ஒப்பிப்பேன். இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்று ஒரு வரி வரும். அந்த வரியை ஒரு மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். பரீட்சையில் அதிலிருந்து பெரிதாக எதுவும் வராது.

கருத்தரங்குக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அன்று சாயந்தரம் அவர் பிளேன்டீயும் கையுமாகக் குசினி வாசலில் இருந்தார். நான் யாருக்காவது சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்தேன். எனக்குக் கிடைத்த ஒரே மாணவர் அவர்தான்.

"நம்ம உடம்புல இருக்கிற ஒவ்வொரு கலமும், தனக்குள்ள என்னென்ன செய்யுதோ அதுல ஒரு துண்ட வெளிய எடுத்துக் காட்டிக்கிட்டே இருக்கும்" என்று ஆரம்பித்தேன். "ரி கலம் சுத்தி வந்து அதப் பாக்கும். வழக்கமான துண்டுன்னா பேசாமப் போயிரும். வைரஸ் துண்டுன்னா கொன்னுரும்."

"சரி."

"வைரஸ் மடையன் இல்ல. அந்தக் கலம் எதையுமே வெளிய காட்டாத மாதிரிப் பண்ணிரும். ரி கலம் வந்து பாக்கும். அங்க பாக்க ஒண்ணுமே இல்ல. போயிரும்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"இந்தக் கொல்லிக் கலம் வேற மாதிரி ஆளு. என்ன காட்டுறன்னு கேக்காது. ஏன் காட்டலன்னு கேக்கும். இருக்க வேண்டியது இல்லாமப் போச்சுன்னா, அந்தக் கலம் வேற ஏதாவது கஷ்டத்துல இருக்கிற அறிகுறியும் தெரிஞ்சா, கைய வச்சிரும். அதுக்கு ஒரு கிழமைப் படிப்பெல்லாம் வேணாம். மொத நாளே வேலைக்கு எறங்கிரும்."

"பெரட்டுல நான் பாக்குற வேலதானே இது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. இரண்டு கிழமையாக நான் மண்டையை உடைத்துக்கொண்டு படித்ததை மனுஷன் ஒரு வாய் பிளேன்டீயில் கரைத்துக் குடித்துவிட்டார். "நீங்க வராதவங்களக் கொல்றீங்களா?" என்றேன்.

"கொல்லல. கதவத் தட்டுறேன்" என்றார்.

விடாமல் மற்றவற்றையும் சொன்னேன். ரி கலங்களிலேயே ஊரோடு ஒத்துப்போகாத சில வகை உண்டு. அவை மற்ற ரி கலங்களைப் போலத் துண்டு காட்டட்டும் என்று நிற்பதில்லை. தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் காவல் இருந்துகொண்டு, பக்கத்துக் கலம் திணறுகிறதென்று தெரிந்தாலே எழுந்துவிடும். படித்த பட்டாளம் வந்து சேரும்வரை வாசலைப் பிடித்து நிற்பது இவர்கள்தான். தேயிலையில் இருக்கிற ஒரு சத்து உடம்பில் உடைந்து, இப்படிப்பட்ட ஒரு வகைக் கலத்தைத் தட்டி எழுப்பக்கூடும் என்று சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அப்ப நம்ம தோட்டத்துல ஒருத்தருக்கும் தடிமன் காய்ச்சல்கூட வரக்கூடாதே டீச்சர்" என்றார்.

குறிப்பிலிருந்து அந்த வரியை அடித்துவிட்டேன்.

கருத்தரங்கு நன்றாக நடந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அதே குறிப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததைச் சொல்லி அவர்களைக் குழப்புவானேன் என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே பள்ளிக்கூடத்தில் அம்மை பரவியது. எனக்குச் சின்ன வயதில் வந்ததே இல்லை. ஹட்டன் டவுனில், கடைக்கு மேலே இருந்த வீட்டில், அம்மா என்னைப் பொத்திப் பொத்தி வளர்த்ததன் பலன் அது. ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல் அடித்தது. சனிக்கிழமை வயிற்றில் இரண்டு கொப்புளம். மத்தியானத்துக்குள் முதுகு முழுக்க.

அவர் ஹட்டனுக்குப் பஸ் ஏறி வேப்பிலையோடு வந்தார். நான் படுத்தபடியே, "அறிவியல் டீச்சர் வீட்ல வேப்பிலையா, வெக்கக்கேடு" என்று கத்தினேன். அவர் என் அறை வாசலிலும் கட்டில் தலைமாட்டிலும் கட்டினார். உங்களுக்குச் சின்னதிலேயே வந்துவிட்டது, திரும்ப வருவது அபூர்வம், தைரியமாக உள்ளே வரலாம் என்று எவ்வளவோ சொன்னேன். மனுஷனுக்கு வைரஸுக்குப் பயம் இல்லை, ஆத்தாவுக்குத்தான் பயம். மலை, சாக்கடை, நாலு பேர் வீடு என்று மிதித்துவிட்டு வருகிற கால் இது, ஆத்தா இருக்கிற அறைக்குள் வைக்கக்கூடாது என்றார். குசினியில் பாய் போட்டுக்கொண்டார். கஞ்சியையும் இளநீரையும் அறை வாசலில் ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று பேசுவார்.

டிஸ்பென்சரியில் காய்ச்சல் குளிசை கொடுத்து, பெரியவர்களுக்கு வந்தால் கவனமாக இருக்க வேண்டும், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்கும் தெரியாததல்ல. ஆனால் நான் என் பாடத்தை நம்பிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு கிழமை பொறுத்தால் பட்டாளம் தயாராகிவிடும், பிறகு எல்லாம் தானாக அடங்கும் என்று நாள் எண்ணினேன். இதில் எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவர் வேப்பிலையைப் பார்த்து நின்றார், நான் பாடப்புத்தகத்தைப் பார்த்து நின்றேன்.

அந்த நாலு நாளும் வாய்க்குக் குறைவில்லை. கஞ்சியில் உப்பு இல்லை, இளநீர் முத்தல், வேப்பிலை சருகாகி மூக்கில் விழுகிறது, குசினியில் என்ன கருகுகிறது, மகளிடம் ஏன் சொன்னீர்கள். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து நான் அடுக்கிக்கொண்டே போவேன். அந்தப் பக்கமிருந்து "ம்", "ம்" என்று வரும். ஒருமுறை அவர் மலையிலிருந்து போன் எடுத்தார். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று எடுத்திருக்கிறார். என்ன என்றேன். சும்மாதான் என்றார். சும்மா எடுத்ததற்காக அதிலும் ஏசினேன்.

புதன்கிழமை காலையில் இருமல் தொடங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ கனமாக இருந்தது. கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன், பிறகு நினைத்ததை மறந்துபோனேன். அப்படித்தான் இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. எல்லாம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது, எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. பிறகு டொக்டர் சொன்னார், பிராணவாயு குறைந்தால் மூளை அப்படித்தான் சோம்பிப்போகுமாம். தனக்கு ஆபத்து என்பதையே அது கவனிக்காதாம்.

அன்று பகல் நல்ல மழை. அவர் சாப்பாட்டுக்கு வந்தார். இதற்குப் பிறகு நடந்ததைப் பாதி அவர் சொல்லித்தான் நான் சொல்கிறேன். கையில் இளநீரோடு வந்தவர், மழைக்குத் தப்பும் அவசரத்தில் பூட்ஸோடு முன் அறைக்குள் வந்துவிட்டார். அறை நடுவுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம். காலைத் தூக்கியபடி, குரல் வரும் என்று நின்றார்.

குரல் வரவில்லை.

தூங்குகிறேன் போலிருக்கிறது என்று நினைத்தாராம். ஆனால் அறைக்குள் நான் இருமுவது கேட்டது. முழித்துத்தான் இருக்கிறாள். வேண்டுமென்றே இன்னும் ஓர் அடி வைத்தார், டைல்ஸில் நன்றாகச் சத்தம் வரும்படி. பிறகு இன்னொன்று. உள்ளே இருமல்தான் கேட்டது, "பூட்ஸ்" என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஞாபகம் இருப்பது இனித்தான். அந்த நாலு நாளும் தள்ளி நின்ற மனுஷன் வேப்பிலையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். காலில் பூட்ஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்ஸைத்தான் பார்த்தேன். மண் என்று மட்டும் தோன்றியது. அதற்கு மேல் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

"ஏய், என்னய ஏசு" என்றார். என் உதட்டைப் பார்த்தார். அது நீலம் பாரித்திருந்ததாம்.

அந்த நேரத்தில் ஆட்டோ பிடிக்க வழி இல்லை. கீழே மடுவத்தில் கொழுந்து நிறுத்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார். பூட்ஸ் வழுக்காது, அதற்கு அந்தச் சனியனுக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். தோட்டத்து நோயாளிகளைக் கொழுந்து லொறியில் ஏற்றுவது எவ்வளவு கேவலம் என்று மேடைபோட்டுப் பேசியவள் நான். அந்த லொறியின் முன் இருக்கையில், டிரைவருக்கும் இவருக்கும் நடுவில், இவர் தோளில் தலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூட்டைகளிலிருந்து பச்சைக் கொழுந்து வாசம் வந்தது. இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் எனக்கு அவர் தோள்தான் ஞாபகம் வருகிறது.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் சின்ன வயசு, சிங்களப் பெண். என்ன செய்கிறது என்று கேட்டார். இவருக்கு இருமல், மூச்சு, நெஞ்சு எதுவும் வாயில் வரவில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "இவள் இன்றைக்கு என்னை ஏசவில்லை" என்றார். தாதிமார் சிரித்துவிட்டார்கள். டொக்டரும் சிரித்துக்கொண்டேதான் என் விரலில் பிராணவாயு அளக்கிற கிளிப்பை மாட்டினார். எண் வந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அம்மை நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். பிராணவாயு வைத்தார்கள், வைரஸுக்கு ஊசி மருந்து ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்திருந்தால் என்று டொக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். தனி அறையில் பதினொரு நாள் கிடந்தேன். பார்வை நேரத்தில் அவர் கண்ணாடிக்கு வெளியே நிற்பார். மாஸ்க் மாட்டிய என்னால் பேச முடியாது. அவர் பேசுகிறவர் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்போம். கல்யாணம் ஆகி இவ்வளவு வருஷத்தில் அவரை அவ்வளவு நேரம் நான் பார்த்தது அப்போதுதான். மனுஷன் எப்போது இவ்வளவு நரைத்தார் என்று அழுகை வந்தது.

அந்தப் படுக்கையில் யோசிக்க நிறைய நேரம் இருந்தது. என் பட்டாளம் தயாராகும்வரை எனக்குள்ளே யாரோ தாக்குப்பிடித்திருக்கிறார்கள். நான் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போன அந்த ஒற்றை வரி ஆட்கள். அம்மை வைரஸும் தான் புகுந்த கலத்தின் அடையாளத்தை மறைக்கத் தெரிந்த வைரஸ்தான். அதன் வேலை அவர்களிடம் முழுதாகப் பலித்திருந்தால் நான் லொறி வரை வந்திருக்கமாட்டேன். வெளியே, வேப்பிலைக்குப் பின்னால் நானும் அப்படித்தான் மறைந்து கிடந்தேன். அவரிடமும் அது பலிக்கவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்த முதல் நாள் அவரிடம் இதையெல்லாம் குசுகுசுவென்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ ஏசல. அவ்வளவுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அறை வாசலில் காய்ந்த வேப்பிலை இல்லை, அவரே எடுத்திருந்தார். நுரையீரல் சுகமாக நாள் எடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினால் மூச்சு வாங்கியது. நாள் முழுக்க முன் அறைக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருப்பேன். அவர் சமைப்பார், துவைப்பார், மலைக்கும் போவார்.

ஆனால் ஒரு விஷயம் புதிதாக இருந்தது. தினமும் பகலில் பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்தார். அறை நடுவில் வந்து, எதையோ வைத்த இடத்தை மறந்தவர்போல ஒரு நிமிஷம் நிற்பார். என்னைப் பார்க்கமாட்டார், ஜன்னலைப் பார்ப்பார். பிறகு வாசலுக்குப் போய்க் கழற்றிவிட்டு, துணி எடுத்து வந்து, முட்டி போட்டுத் தரையைத் தானே துடைப்பார். பாவம், இத்தனை நாள் அலைச்சலில் மனுஷனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். ஏச மனமும் வரவில்லை, மூச்சும் இல்லை. வெள்ளை டைல்ஸில் அந்தக் கறுத்த அடிகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

இப்படி ஒரு கிழமை போனது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, வெயில் வந்திருந்தது. காலையில் முற்றம் வரை நடந்திருந்தேன். உடம்பு கொஞ்சம் என்னுடையதாக இருந்தது. பகலில் அவர் வந்தார். டொக் டொக்கென்று அறை நடு வரை வந்தார். இந்த முறை மண்ணோடு ஓர் அட்டையும் தரையில் நெளிந்தது. எனக்கே தெரியாமல் வாய் திறந்துகொண்டது.

"ஏங்க, இது வீடா, கொழுந்து மடுவமா? எத்தன தடவ சொல்றது? கழட்டுங்க அந்த பூட்ஸ."

முழு வசனம். நடுவில் மூச்சு வாங்கவில்லை.

அவர் அசையவில்லை. பிறகு திரும்பி வாசற்படிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஒரு பூட்ஸைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், மற்றதைக் கழற்றவில்லை. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான், இந்த ஒரு கிழமையாக அவர் எதற்காகப் பூட்ஸோடு உள்ளே வந்தார் என்று எனக்கு விளங்கியது. தினமும் பகலில் என் கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

எழுந்து போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். "என்னாங்க" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தார். "இன்னொருக்கா ஏசு."

ஏச வாயெடுத்தேன். மூச்சு நிறைய இருந்தது, குரல்தான் வரவில்லை.